கட்டணம் கட்டியாச்சாம், ரோடு எங்கே?

இன்றைக்கும் 40 நிமிடம். வீட்டிலிருந்து கிளம்பி கோலாலம்பூரின் பெரிய ரோடான ஜாலான் ஈப்போவில் போய் ஏறுவதற்கு மட்டும்! மகளைப் பள்ளியில் இறக்கும்போது கேட்டைச் சாத்திவிட்டார்கள்.

எங்கள் தெருமுனையில் பழைய பட்டறை இருந்த இடத்தில் இப்போது மூன்று கொண்டோ, அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பு. முதல் எட்டு மாடியும் கார் பார்க்கிங், அதற்கு மேல்தான் மனுஷன். அத்தனை காரும் காலை 7 மணிக்கு இறங்குவது நான் சின்ன வயதில் சைக்கிள் ஓட்டிப் பழகிய அதே ரோட்டில், அது ஒரு அடி கூட அகலமாகவில்லை.

இந்தக் கொண்டோக்களுக்கு ஆட்சேபம் சொல்லப் போனபோது மாநகர மன்ற அதிகாரி பொறுமையாகச் சொன்னார், "அவங்க மேம்பாட்டுக் கட்டணம் கட்டிட்டாங்க." சரி, எதற்கு அந்தக் கட்டணம்? கோலாலம்பூருக்கென்று 1982ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டம் இருக்கிறது. அதன்படி, நிலப் பயன்பாட்டை மாற்றியோ, அதே நிலத்தில் கூடுதல் வீடு கட்ட இடம் கொடுத்தோ நிலத்தின் மதிப்பு ஏறினால் அதற்காக வாங்குவது. ஆக, அளப்பது நிலத்தின் விலையை, ரோட்டில் இறங்கப்போகும் காரை இல்லை. போக்குவரத்து ஆய்வு அறிக்கை என்று ஒன்று தனியாக உண்டு, அதை எழுதுவது கொண்டோ கட்டும் மேம்பாட்டாளரே காசு கொடுத்து அமர்த்தும் ஆலோசகர். மாப்பிள்ளை வீட்டாரே ஜாதகம் எழுதி எடுத்து வருவது மாதிரி.

அந்தக் கட்டணத்தை மேம்பாட்டாளர் தன் பையிலிருந்தா கொடுப்பார்? முடிந்த மட்டும் வீட்டு விலையில் ஏற்றுவார். கட்டுப்படியாகாமல் என் தம்பி ஊருக்கு வெளியே வடக்கே ரவாங்கில் வாங்கினான். அங்கே நிலம் மலிவு, ஆனால் வேலை இங்கேதானே? அவன் ஜாலான் கூச்சிங் ரோட்டு நெரிசலில் நிற்கிறான், நான் இந்தப் பக்கம் நிற்கிறேன், தினமும் அண்ணன் தம்பி போனில் குடும்பம் நடத்துகிறோம்.

"எம்ஆர்டி ரயில் இருக்கே" என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். 2023 மார்ச்சில் செந்தூல் பாராட் நிலையம் திறந்ததும் ஆசையாகத்தான் போனேன். எங்கள் தெருவிலிருந்து சாக்கடை ஓரமாக, மோட்டாருக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்து, சட்டை நனைந்து போய்ச் சேர்ந்தேன். மேம்பாட்டாளர்களே, ரயில் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லித்தானே இன்னும் பத்து மாடி கேட்கிறீர்கள், அப்புறம் எட்டு மாடி பார்க்கிங் எதற்கு ஐயா?

நேற்று பக்கத்துக் காலி மனையில் புதுப் பலகை நட்டிருக்கிறார்கள். 42 மாடியாம். ஆட்சேபம் சொல்ல இந்தத் தடவை மகளையும் கூட்டிப் போகிறேன், கேட்டைச் சாத்தியதற்கு அந்த அதிகாரியே அவளுக்குப் பதில் சொல்லட்டும்.