வெளியே போனவளுக்கு மட்டும்தான் திமிர்

எந்த ரிவி நாடகம், எந்த நாயகி என்று எழுதத் தேவையில்லை. இந்தக் கிழமை முழுக்க எல்லாருடைய முகநூல் பக்கத்திலும் அதுதான் ஓடுகிறது. திரையின் அடியில் “இவருக்குப் பதில் இவர்” என்று ஒரு வரி வந்து போனது. அடுத்த நாள் விடிய எங்கள் ஊர் அண்ணை ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார். போன நாயகிக்குக் கொழுப்புக் கூடிவிட்டதாம், திமிராம், அதனால்தான் தூக்கினார்களாம். கீழே “சரியாச் சொன்னீங்கள் அண்ணை” என்று வரிசையாக ஆட்கள். அதில் பாதிப்பேரின் மனைவிமார் என்னிடம்தான் சட்டை தைக்கக் கொடுக்கிறார்கள். ஆகவே பெயர் சொல்லாமல் போகிறேன்.

அண்ணை, உங்களுக்கு யார் சொன்னது?

சென்னையில் ஒரு அறைக்குள் நாலுபேர் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்த முடிவு அது. இலங்கையில், பரந்தனில் இருந்துகொண்டு நீங்கள் எப்படி அந்த அறைக்குள் போனீர்கள்? தூக்கினவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. சனலா, தயாரிப்பாளரா, கூட நடிக்கிற நாயகனா என்றும் தெரியாது. ஆனால் தூக்கப்பட்டவளின் குணம் மட்டும் அக்குவேறு ஆணிவேறாகத் தெரிகிறது.

என் தையல் கடையில் மத்தியானம் ரிவி ஓடும். மெசின் மிதித்துக்கொண்டு யாரும் திரையைப் பார்ப்பதில்லை, காதால்தான் நாடகம் பார்ப்போம். அன்றைக்கும் அப்படித்தான். அதே குரல் அதே அழுகை அழுதுகொண்டிருந்தது. ஊசியில் நூல் கோர்க்க நிமிர்ந்த பிள்ளை ஒன்று “அக்கா, இது ஆர்?” என்று கேட்டபோதுதான் நானும் பார்த்தேன். முகம் வேறு, குரல் பழையது. பின்னால் நின்று டப்பிங் பேசுகிறவர் மாறவில்லை, முன்னால் நின்றவரைத்தான் மாற்றியிருக்கிறார்கள். இந்த நாயகிமாரில் பலர் பெங்களூரிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வருகிறவர்கள், சொந்தக் குரலில் பேசுவதில்லை. குரலும் தன்னுடையதில்லை, கதையும் தன்னுடையதில்லை, நாளைக்கு வேலை இருக்குமா என்பதும் தன் கையில் இல்லை. இதில் எங்கே இருந்து திமிர் வரும்?

நாடகத்தில் நடிக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் நாட்கூலிதான். கால்ஷீட் கொடுத்து வந்து நடித்த நாளுக்குத்தான் காசு. ஒருவரைப் பிடிக்காவிட்டால் நேரே போகச் சொல்லத் தேவையில்லை. கதையின் ட்ராக்கை மாற்றினால் போதும். நாயகியை ஊருக்கு அனுப்பலாம், கோமாவில் படுக்க வைக்கலாம், ஜெயிலுக்குள் போடலாம். மாதத்தில் இருபது நாள் வந்தவர் ஐந்து நாள் வருவார். பிறகு அவராகவே “சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்” என்று எழுதுவார். நாங்களும் “பார்த்தீர்களா, அவவேதான் போனவ” என்போம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒவ்வொரு வியாழனும் வருகிற டிஆர்பி கணக்கு இறங்கினால் கதை எழுதினவரை யாரும் கேட்பதில்லை. நாயகியின் முகம் எடுபடவில்லை என்பார்கள். அந்தக் கணக்கில் நாங்களும் இல்லை என்பது வேறு கதை. வன்னியில் எத்தனை வீட்டில் டிஷ் பூட்டி நாடகம் பார்த்தாலும் அது இந்தியாவுக்குள் எடுக்கிற கணக்கு.

சித்தி 2 ஞாபகம் இருக்கிறதா? 2021இல் நடிகை ராதிகா அந்த நாடகத்தை விட்டு விலகினார். தானே அறிவித்துவிட்டு, அரசியல் வேலை இருக்கிறது என்று போனார். நாடகம் அவர் இல்லாமலே தொடர்ந்தது. யாராவது திமிர் என்று எழுதினீர்களா? இல்லை. ஏனென்றால் அது அவருடைய ராடான் நிறுவனத்தின் நாடகம். போவதும் இருப்பதும் அவர் கையில். நான் ராதிகாவைக் குறை சொல்லவில்லை, 1999இல் முதல் சித்தி தொடங்கியதிலிருந்து தன் காலில் நின்ற மனுசி. நான் சொல்வது உங்களைத்தான். நாற்காலி சொந்தமாக இருந்தால் “முடிவு” என்கிறீர்கள், வாடகை நாற்காலியில் இருந்தவள் எழும்பினால் “திமிர்” என்கிறீர்கள்.

எதிர்நீச்சல் நாடகத்தில் நடித்த மாரிமுத்துவையும் சொல்லவேண்டும். 2023 செப்டெம்பரில் டப்பிங் பேசப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து அந்த மனிதர் செத்துப்போனார். ஊரே துக்கம் கொண்டாடியது, என் கடையிலும் அழுதார்கள். அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். “அவரைப்போல வரவில்லை” என்றார்கள், அது ரசனை, சொல்லலாம். ஆனால் வந்தவர் யாரைப் பிடித்து வந்தார், எப்படி வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. இந்த நாடகத்துக்கு இப்போது புதிதாக வந்திருக்கிற பிள்ளையைப் பற்றி எழுதியிருப்பதை வாசித்துப் பாருங்கள். வாய் கூசும். ஆண் மாறினால் நடிப்பைப் பற்றிக் கதைக்கிறோம், பெண் மாறினால் நடத்தையைப் பற்றிக் கதைக்கிறோம்.

ஆள் மாறுவது எங்களுக்குப் புதிதும் இல்லை. காத்தவராயன் கூத்துப் பார்த்து வளர்ந்த சனம் நாங்கள். ஒரே இரவில் அந்தக் காத்தவராயனாகவே ஆதிக்காத்தான் ஒருவர், முன்காத்தான் ஒருவர், பின்காத்தான் ஒருவர். கோயில் வெளியில் பாய் விரித்து, பாதி நித்திரையில் கண்விழித்துப் பார்த்தால் காத்தான் வேறு ஆளாக நிற்பார். யாருக்கும் குழப்பம் இல்லை, கோபமும் இல்லை. யார் எந்த வேசம் என்று முடிவு செய்கிற அண்ணாவியார் அங்கேயே, சனத்தின் கண்முன்னாலேயே நிற்பார். “என்ர மகனுக்கு ஏன் சின்ன வேசம்?” என்று அடுத்தநாள் கோயிலடியில் பிடித்துச் சண்டை போடலாம், போட்டும் இருக்கிறார்கள். அதிகாரம் இருந்தது, ஆனால் அதற்கு ஒரு முகம் இருந்தது. உங்கள் நாடகத்து அண்ணாவியார் எங்கே?

“உனக்கேன் இவ்வளவு கோபம், அவ என்ன உன் சொந்தமா?” என்று கேட்பீர்கள். கேட்டும் விட்டீர்கள், உள்பெட்டியில்.

தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சில வருசத்துக்கு முதல் எங்கள் பக்கத்தில் ஒரு தொடர் எடுத்தார்கள். வெளிநாட்டுக் காசு, உள்ளூர்க் கமரா. அக்கா வேசத்துக்கு என்னைக் கேட்டார்கள். கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். உடுப்பெல்லாம் நானே தைத்தேன், கூலி கேட்கவில்லை, எங்கட பிள்ளைகள் எடுக்கிற படம்தானே என்று. நான் கேட்டது ஒன்றே ஒன்று: புதுக்குடியிருப்புக்குக் கடைசி பஸ் போகுமுன் என்னை விடவேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். இரண்டு தரம் இருட்டில் சந்தியில் தனிய நின்றபிறகுதான் வாய் திறந்து கேட்டேன். “பார்ப்பம் அக்கா” என்றார்கள். அப்புறம் போனே வரவில்லை.

முகநூலில் போஸ்டர் வந்தது. என் வேசத்தில் வேறொரு பிள்ளை, காசு போட்டவரின் சொந்தக்காரப் பிள்ளை. நான் தைத்த அந்த மெரூன் சட்டையைத்தான் போட்டிருந்தது. எனக்கு அளவெடுத்தது, அந்தப் பிள்ளைக்குத் தொளதொளவென்று இருந்ததால் தோளுக்குப் பின்னால் சட்டை ஊசி குத்தி இறுக்கியிருந்தார்கள். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன், ஊசி மினுங்கியது. உடம்போடு நிற்க ஒரு மடிப்பு, டார்ட், பிடித்திருந்தால் சரியாக நின்றிருக்கும், என்னிடம் கேட்டிருந்தால் அதையும் செய்து கொடுத்திருப்பேன்! ஏன் மாற்றினீர்கள் என்று யாரோ கேட்டதற்குச் சொன்ன பதில்தான் இன்றைக்கும் காதில் கிடக்கிறது. “அந்த அக்கா ஒத்துழைக்கேல்லை. கொஞ்சம் தலைக்கனம்.”

பஸ் கேட்டது தலைக்கனம்!

சரி, என் கதையை விடுவோம். “காசு போட்டவனுக்கு ஆளை மாற்ற உரிமை இல்லையா?” இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. மாற்றட்டும். “நாங்கள்தான் மாற்றினோம், இதுதான் காரணம்” என்று தன் பெயரைப் போட்டுச் சொல்லட்டும். உரிமை அவருக்கு, பழி அவளுக்கு என்றால் அது என்ன கணக்கு?

“உண்மையிலேயே சில நடிகைகள் நேரத்துக்கு வருவதில்லை, சம்பளம் கூட்டிக் கேட்கிறார்கள்” என்கிறார்கள். இருக்கலாம். நேரத்துக்கு வராத நாயகன்மாரும் இருக்கலாம், அவர்களைப் பற்றி ஒரு பதிவும் காணோம். சம்பளம் கூட்டிக் கேட்பது எப்போது குற்றமானது? நீங்கள் யாரும் கேட்டதே இல்லையா?

“வன்னியில் எத்தனை பிரச்சினை இருக்க, உனக்கு நாடகமா?” இதைத்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள், பெரிய அறிவாளிகள் மாதிரி. 2017 மாசியிலிருந்து கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் போராடத் தொடங்கிய தாய்மாரில் ஒருவர் என் கடைக்கு வருவார். பிள்ளையைத் தேடுகிற அந்த அம்மா நாடகமும் பார்ப்பார், வில்லியைத் திட்டுவார், தேத்தண்ணி குடிப்பார். அவரிடம் போய்ச் சொல்லுங்கள், பிரச்சினை உள்ளவர்கள் நாடகம் பார்க்கக்கூடாது என்று. கரண்ட் இல்லாத வன்னியில் ஜெனரேற்றருக்கு எண்ணெய் விட்டு சீடியில் நாடகம் பார்த்த சனம் நாங்கள். யுத்தத்துக்குள்ளேயே பார்த்தோம், இப்போது உங்களிடம் அனுமதி கேட்கவேண்டுமா? அதுவும் அண்ணை, நாடகத்தைப் பற்றி முதலில் எழுதியது நீங்கள். நீங்கள் எழுதினால் கருத்து, நான் எழுதினால் வேலையில்லாத வேலை.

அந்தப் போஸ்டரின் கீழும் இதே ஆட்கள்தான் “வாழ்த்துகள், அருமையான தெரிவு” என்று எழுதினார்கள். அதில் நீங்களும் இருந்தீர்கள் அண்ணை. அன்றைக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்கும் இன்னொரு பதிவு போட்டிருப்பீர்கள்.

பதில் எழுதுவதென்றால் இங்கேயே எழுதுங்கோ. உள்பெட்டிக்குள் வந்து “தங்கச்சி, தப்பா எடுக்காதேங்கோ” என்று தொடங்க வேண்டாம். இரண்டு தாவணியும் ஒரு பள்ளிக்கூட யூனிபோமும் நாளைக்குக் கொடுக்கக் கிடக்கு, இரவுக்குத்தான் கொமன்ட் பார்ப்பேன்.