போட்டியே இல்லாமல் தோற்றவர்

2022 ஜூலையில் இங்கே நியூசிலாந்து பசுமைக் கட்சியில் ஒரு கூத்து நடந்தது. இணைத் தலைவர் பதவிக்கு ஜேம்ஸ் ஷா ஒருவர்தான் நின்றார். எதிர்த்து யாரும் மனுப் போடவில்லை. நம் ஊராக இருந்தால் 'போட்டியின்றித் தேர்வு' என்று மத்தியானத்துக்குள் வெடி போட்டு முடித்திருப்பார்கள். இங்கே பேராளர்கள் 107 பேர் வாக்களித்தார்கள். 75 பேர் ஷாவுக்கு. மீதி 32 பேர் 'வேட்புமனுவை மறுபடியும் திறங்கள்' என்று போட்டுவிட்டார்கள். கட்சி விதிப்படி முக்கால் பங்கு வேண்டும். அவருக்குக் கிடைத்தது நூற்றுக்கு எழுபது. பதவி போய்விட்டது.

"எதிராளியே இல்லாத ஓட்டப் பந்தயத்துல ரெண்டாவதா வந்திருக்காரு பாரு" என்று எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு மறந்தும் இருப்பேன். ஆனால் அந்தச் சமயத்தில் இதே முறையில் நடக்கிற ஒரு சின்னக் குழுவில் நானே மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நான் அந்தக் கட்சியில் உறுப்பினர் இல்லை. ஓட்டுப் போடுகிறவள், அவ்வளவுதான். (இந்த நாட்டில் நிரந்தர வசிப்புரிமையோடு ஓராண்டு இருந்தால் போதும், குடியுரிமை வாங்காமலே ஓட்டு உண்டு. ஊரில் இருபத்தைந்து வயது வரை ஓட்டுச் சாவடிப் பக்கமே போகாத நான் இங்கே வந்துதான் ஒழுங்காகப் போட ஆரம்பித்தேன்.)

1972-ல் வெலிங்டனில் தொடங்கிய வேல்யூஸ் பார்ட்டிதான் இதற்குத் தாய்க் கட்சி. சுற்றுச்சூழலை முன்வைத்து ஒரு நாடு தழுவிய தேர்தலில் நின்ற முதல் கட்சி என்று அதைச் சொல்வார்கள். 1975 தேர்தலில் நூற்றுக்கு ஐந்து பேர் ஓட்டுப் போட்டும், அன்றைய தேர்தல் முறையில் ஒரு இடம்கூடத் தேறவில்லை. அதில் மிஞ்சியவர்களும் புதியவர்களும் சேர்ந்து 1990-ல் பசுமைக் கட்சி ஆனார்கள். நடுவில் சில வருடம் ஒரு கூட்டணிக்குள் இருந்துவிட்டு, 1999-ல் தனியாக நின்று ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். கட்சிச் சாசனத்தில் நான்கே கொள்கைகள்: சூழலியல் ஞானம், சமூகப் பொறுப்பு, தகுந்த முறையில் முடிவெடுத்தல், வன்முறை தவிர்த்தல். மற்ற மூன்றையும் எந்தக் கட்சியும் தேர்தல் அறிக்கையில் போட்டுக்கொள்ளும். முடிவெடுக்கிற முறையையே ஒரு கொள்கையாக எழுதி வைத்ததுதான் புதிது. ஒரு முடிவு யாரைப் பாதிக்குமோ அவர்களே அந்த இடத்திலேயே அதை எடுக்க வேண்டும் என்கிறது அது.

அதனால்தான் முதலில் கருத்தொருமிப்புக்கு முயற்சி. அது கைகூடாவிட்டால்தான் ஓட்டு, அதிலும் முக்கால் பங்கு.

கருத்தொருமிப்பு என்றதும் எல்லோரும் ஒரே குரலில் 'ஆமாம்' சொல்வது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. ஒருவர் ஒரு யோசனை வைக்கிறார். புரியாததைக் கேட்கிறார்கள். அப்புறம் கவலைகள். யோசனை வளைகிறது, வெட்டுப்படுகிறது, சில சமயம் தலைகீழாகிறது. கடைசியில் கூட்டத்தை நடத்துகிறவர் சோதித்துப் பார்ப்பார். அப்போது ஒருவருக்கு மூன்று வழி உண்டு. சம்மதிக்கலாம். 'எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் குறுக்கே நிற்கமாட்டேன்' என்று ஒதுங்கலாம். அல்லது 'இது நாம் கூடியதற்கான காரணத்தையே கெடுக்கிறது' என்று மறிக்கலாம். மறிப்பு என்பது கோபத்தில் எடுத்து வீசுகிற பொருள் அல்ல. ஆயுளில் ஒன்றிரண்டு தடவைதான் அதைத் தொடலாம் என்பார்கள் பழைய ஆட்கள். குவேக்கர்கள் என்கிற கிறிஸ்தவப் பிரிவினரின் கூட்டங்களில் பழகிய முறை இது. எழுபதுகளின் அணு உலை எதிர்ப்புப் போராட்டங்கள் வழியாக உலகம் முழுக்கப் பரவியது.

ஷா விஷயத்துக்கு வருகிறேன். அந்த மனிதர் சாதாரண ஆள் இல்லை. 2019-ல் அமைச்சராக இருந்து, கரியமில வாயுவை 2050-க்குள் நிகர பூஜ்யம் ஆக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தவர். எதிர்க்கட்சியான தேசியக் கட்சியும் சேர்ந்து ஓட்டுப் போட்டது. ஆட்சி மாறினாலும் சட்டம் நிற்க வேண்டும் என்று அவர் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து அதைக் கட்டினார். அந்த விட்டுக்கொடுத்தல்தான் சொந்தக் கட்சியில் பலருக்கு உறுத்தியது. நாடாளுமன்றத்தில் கருத்தொருமிப்பை உண்டாக்கியவரைச் சொந்தக் கட்சியின் கருத்தொருமிப்பு விதி கீழே இறக்கியது. பத்திரிகைக்காரர்களுக்கு நல்ல தீனி. '32 பேர் சேர்ந்து ஒரு அமைச்சரைக் கவிழ்த்துவிட்டார்கள், இது ஜனநாயகமா?' என்று ஒரு வாரம் ஓடியது.

நான் பேராளராக இருந்திருந்தால் ஷாவுக்குத்தான் போட்டிருப்பேன். ஆனாலும் அந்த 32 பேர் கையில் அப்படி ஒரு பிடி இருந்தது நல்லது என்றே நினைக்கிறேன். பாதிக்கு மேல் ஒன்று என்ற கணக்கில் அவர்கள் வெறும் இரைச்சல். முக்கால் பங்குக் கணக்கில் அவர்களிடம் 'ஏன்?' என்று கேட்டே ஆக வேண்டும். ஷா மறுபடி நின்றார், உறுப்பினர்களிடம் போய்ப் பேசினார். செப்டம்பரில் கிட்டத்தட்ட எல்லோரும் போட்டு அவரே திரும்பி வந்தார். 'அப்படியென்றால் எல்லாம் வீண் வேலைதானே' என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். தலைவர் ஒருவர் தன் கட்சிக்காரர்களிடம் போய்க் காது கொடுத்தது எந்தக் கணக்கில் வீண் வேலை என்று எனக்குப் புரியவில்லை.

2020 தேர்தலுக்குப் பிறகும் இதே விதிதான். லேபர் கட்சி தனியாகவே பெரும்பான்மை பெற்றுவிட்டது. பசுமைக் கட்சியின் தயவு தேவையில்லை. இருந்தும் இரண்டு அமைச்சர் பதவியோடு ஓர் ஒத்துழைப்பு ஒப்பந்தம் நீட்டினார்கள். சுமார் 150 பேராளர்கள் ஜூமில் கூடினார்கள். கடைசியில் 85 சதவீதம் சரி என்றார்கள். நம் ஊர்க் கட்சிகளில் கூட்டணி எந்த ஹோட்டல் அறையில் முடிவாகிறது என்று உங்களுக்கே தெரியும்.

இவ்வளவு புகழ்ந்தாயிற்று. இனி என் வயிற்றெரிச்சல்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை. அதன் கரையைச் சீர் செய்ய அக்கம்பக்கத்தார் பதினான்கு பேர் சேர்ந்த குழு ஒன்று உண்டு. பெயர் வேண்டாம். எல்லா முடிவும் கருத்தொருமிப்பில். கரை முழுக்க கோர்ஸ் என்கிற மஞ்சள் பூ முள்புதர். பிரிட்டனிலிருந்து வேலிக்குக் கொண்டுவந்து, பிறகு நாட்டையே வளைத்துக்கொண்ட செடி. நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தின் கதையேதான். அதைக் களைக்கொல்லி தெளித்து அழிப்பதா, கையால் வெட்டுவதா என்று மூன்று கூட்டம் ஓடியது. பிள்ளைகள் தண்ணீரில் இறங்குகிற இடம் என்பதால் தெளிக்கக் கூடாது என்றேன். இன்னும் நான்கு பேர் என் பக்கம்.

மூன்றாவது கூட்டம் இரவு ஏழு மணிக்கு. முதல் ஒன்றரை மணி நேரம் மரக்கன்றுக்கு எந்த உறை, பெயர்ப் பலகைக்கு எந்தப் பச்சை. எட்டே முக்காலுக்கு நான் எழுந்துவிட்டேன். காலை ஏழுக்கு வார்டில் இருக்க வேண்டும். கைக்குழந்தையோடு வந்திருந்த பெண் எனக்கு முன்பே போய்விட்டாள். மறுநாள் மின்னஞ்சல் வந்தது: 'தெளிப்பது என்று கருத்தொருமிப்போடு முடிவு செய்யப்பட்டது. நேரம் இரவு 10.20.'

கடைசி வரை உட்கார்ந்திருந்தவர்கள் யார்? ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்கள், சொந்தக் கார் உள்ளவர்கள். கெட்டவர்கள் இல்லை, எல்லோரும் தங்கமானவர்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. நான் கேட்டதற்கு 'நீங்கள் இருந்திருக்கலாமே' என்று பதில் வந்தது. அந்தப் பதில்தான் என்னை ஊருக்குக் கொண்டுபோய்விட்டது.

தென்காசிப் பக்கம் எங்கள் ஊரில் குளத்து மீன்பாசி ஏலத்துக்கு ஊர்க்கூட்டம் போடுவார்கள். கோயில் திண்ணையில் பெரியப்பா உட்பட ஏழெட்டுப் பேர். கீழே மற்ற ஆண்கள். தெற்குத் தெருக்காரர்கள் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள், உட்கார மாட்டார்கள். பெண்கள் வாசற்படி தாண்டுவதில்லை. ஆச்சியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்று ஒரு குரல். அமைதி. "அப்ப ஏகமனதா முடிஞ்சுது." ஆச்சி உள்ளே திரும்பி, "ஆமா, என்ட்ட யாரு கேட்டா" என்று விளக்குமாற்றை எடுப்பாள்.

ஏகமனது என்கிற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்த விளக்குமாறுதான் ஞாபகம். எங்கள் ஓடைக் குழுவில் சாதி இல்லை, திண்ணை இல்லை. ஆனால் கடிகாரம் இருந்தது. கருத்தொருமிப்பை நாசம் செய்வது வீம்புக்கு மறிக்கிற ஒருவர் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படிப்பட்டவரை நான் இதுவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் வீட்டுக்குப் போனவர்களையோ ஒவ்வொரு கூட்டத்திலும் பார்க்கிறேன். அவர்கள் போனதும் அறை இலேசாகிவிடுகிறது, எல்லோருக்கும் சட்டென்று ஒத்துப்போகிறது.

ஜெர்மன் பசுமைக் கட்சிக்காரர்கள் இதை வேறு முனையிலிருந்து பிடித்துப் பார்த்தார்கள். 1983-ல் முதல் தடவை நாடாளுமன்றம் போனபோது, பாதிக் காலம் முடிந்ததும் எம்.பி.க்கள் எழுந்து அடுத்த ஆளுக்கு நாற்காலி தர வேண்டும் என்று விதி வைத்தார்கள். நெடுநாள் உட்காருகிறவர்களிடம் அதிகாரம் சேரும் என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் வேலை பழகுவதற்கே இரண்டு வருடம் ஆகும். கட்சியின் முகமாக இருந்த பெட்ரா கெல்லியே எழ மறுத்துவிட்டார். சில வருடத்தில் விதியே போய்விட்டது.

இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் கூட்டம் ஒன்றுக்கு உடன் வேலை செய்கிற தோழி கூட்டிப்போனாள். மராயே என்கிற அவர்களது பொது இடத்தில் நடந்தது. பேச வேண்டியவர் எல்லோரும் பேசும்வரை பேச்சு போகிறது. எங்கள் ஓடைக் குழுவைவிட நீளம். ஆனால் யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஏனென்றால் அடுக்களையில் சோறு தயாராகிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அங்கேயே ஓடின. இரவானதும் கூட்ட வீட்டுக்குள்ளேயே வரிசையாக மெத்தை போட்டுக் கிழவி முதல் குழந்தை வரை படுத்துவிட்டோம். நீண்ட பேச்சு வேண்டுமென்றால் நீண்ட நேரம் இருப்பதற்கு வழியும் செய்து தர வேண்டும் என்பது அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. நாம் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு சோற்றையும் பாயையும் விட்டுவிட்டோம்.

இதனால்தான் 2024-ல் நடந்தது எனக்கு இன்னும் நெருடுகிறது. கட்சி மாறுகிற எம்.பி.யின் பதவியைப் பறிக்கும் சட்டம் இங்கே 2018-ல் வந்தது. ஓடம் விட்டு ஓடம் தாவுவது என்ற பொருளில் அதற்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. நம் நாட்டில் 1985-லேயே வந்ததன் தம்பி. எம்.பி.யின் மனசாட்சிக்குக் கட்சி பூட்டுப் போடக் கூடாது என்று பசுமைக் கட்சி அதை நெடுங்காலம் எதிர்த்தது. அப்புறம் ஆட்சிக்குக் கொடுத்த ஆதரவுக்காக வேறு வழியின்றி ஆதரித்து ஓட்டுப் போட்டது. இதற்கு இந்த ஊர் அரசியலில் 'செத்த எலியை விழுங்குவது' என்று பெயர். ஆறு வருடம் கழித்து, கட்சியை விட்டு விலகியும் பதவியை விடாத தங்கள் பழைய எம்.பி. ஒருவரை வெளியேற்ற அதே சட்டத்தை எடுப்பதா என்ற கேள்வி வந்தது. அக்டோபரில் நாடெங்கும் உள்ள பேராளர்கள் கூடிப் பேசி, ஓட்டெடுப்புக்கே போகாமல், கருத்தொருமிப்போடு எடுக்கலாம் என்றார்கள்.

முடிவு தப்பு என்று நான் சொல்லவில்லை. தொகுதியில் ஜெயிக்காமல், கட்சி வாங்கிய ஓட்டுக் கணக்கில் கட்சிப் பட்டியலிலிருந்து வந்த இடம் கட்சிக்குச் சேர வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. தலைமை மட்டும் தனியாக முடிவெடுக்காமல் பேராளர்களிடம் கொண்டுபோனதும் பெரிய விஷயம். ஆனால் இத்தனை வருடக் கொள்கையைத் திருப்பிப் போடுகிற ஒரு கேள்விக்கு, குறுக்கே நிற்க ஒருவர்கூட இல்லையா? ஷாவின் நாற்காலிக்கு 32 பேர் கிடைத்தார்களே? உள்ளே என்ன நடந்தது என்று வெளியாளான எனக்குத் தெரிய வழியில்லை. ஒருவேளை பல வாரம் பேசிப் பேசி உண்மையாகவே எல்லோரும் ஓரிடத்துக்கு வந்திருக்கலாம். இருந்தாலும் ஏகமனது என்று செய்தியில் வந்ததும் என் கண் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்றுதான் தேடியது.

பெரும்பான்மை ஓட்டுக்கே போய்விடலாமே என்று இதைப் படிக்கும் சிலர் கேட்பீர்கள். பதினான்கு பேர் உள்ள குழுவில் எட்டுக்கு ஆறு என்று ஜெயித்துப் பாருங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு எட்டுப் பேர்தான் வருவார்கள். சம்பளம் இல்லாத வேலையை ஓட்டு போட்டு வாங்க முடியாது. சின்னக் கட்சிகளின் நிலைமையும் இதுதான். துண்டறிக்கை கொடுப்பதும் வீடு வீடாகக் கதவு தட்டுவதும் அந்த 32 பேரும்தான்.

சரி, ஓடைக்கு வருகிறேன். நானும் கைக்குழந்தைக்காரியும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். சண்டையாக இல்லை. பெரிய விஷயத்தை முதலில் எடுங்கள், ஒன்பது மணிக்குப் பிறகு எந்த முடிவும் வேண்டாம், போனவர்களிடம் மறுநாள் கேட்டுவிட்டு எழுதுங்கள் என்று. கொஞ்சம் முகம் சுளித்தார்கள், ஒத்துக்கொண்டார்கள். களைக்கொல்லி மறுபடி வந்தது. இந்தத் தடவை ஏழேகாலுக்கே, நான் செய்து கொண்டுபோன சுண்டலோடு. தெளிப்பது கிடையாது என்று ஆயிற்று. புதரை வெட்டிவிட்டு, அடிக்கட்டையில் மட்டும் மருந்தைப் பிரஷ்ஷால் தடவுவது. தண்ணீரிலிருந்து ஒதுங்கிய மேட்டுச் சரிவில் மட்டும்.

எனக்கு அதுவும் முழுச் சம்மதம் இல்லை. குறுக்கே நிற்கமாட்டேன், ஆனால் நான் ஒதுங்கி நின்றதைக் காரணத்தோடு எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள். என் பெயரை மட்டும் தப்பாக எழுதியிருக்கிறார்கள், திருத்தச் சொல்லியிருக்கிறேன்.