வெள்ளெழுத்து எனக்கா, மாத்திரை அட்டைக்கா?

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அம்மா சமையலறை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை, கை நடுங்குகிறது. "என்னமோ மாதிரி இருக்கிறது தம்பி" என்றார். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் 58. சீனியை அள்ளித் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, மறுபடி குத்திப் பார்த்து 110 என்று வந்த பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது.

அப்புறம் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்தேன். அம்மா சாப்பிடுவது கிளிமிபிரைடு, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை. முந்தின வாரம்தான் மருத்துவர் 2 மில்லிகிராமை 1 மில்லிகிராமாகக் குறைத்திருந்தார். பழைய அட்டையில் ஆறு மாத்திரை மிச்சம். புது அட்டையும் அதே கம்பெனி. அதே வெள்ளித்தாள், அதே நீலப் பட்டை, அதே எழுத்து. வித்தியாசம் எங்கே என்று தேடினால், பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை இலக்கம். ஒன்றில் 1, மற்றதில் 2. மாத்திரையின் நிறத்தைப் பார்த்தாவது கண்டுபிடிக்கலாம் என்றால் இரண்டு பக்கமும் வெள்ளித்தாள்; பிதுக்கி எடுக்கும் வரை உள்ளே இருப்பது தெரியாது. ஒரே மாத்திரைதானே, பழையதை முதலில் தீர்ப்போம் என்று அம்மா நினைத்திருக்கிறார். அரிசியையும் பருப்பையும் அப்படித்தானே தீர்க்கிறோம்? அன்று ஏகாதசி வேறு, காலைச் சாப்பாடும் பாதி. சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்?

செய்தி கேட்டு வந்த உறவினர்கள் எல்லோரும் ஒரே பாட்டு: "பார்த்துக் கொடுக்க வேண்டாமா?" எதைப் பார்ப்பது? பார்க்கும்படி எதை வைத்திருக்கிறார்கள்? எனக்கு 47 வயது. வெள்ளெழுத்து வந்து நான்கு வருடம் ஆகிறது. அது என் கண்ணின் குறை, ஒப்புக்கொள்கிறேன், கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். ஆனால் மாத்திரை அட்டையின் ஓரத்தில் காலாவதித் தேதியை மையே இல்லாமல் வெள்ளித்தாளில் அழுத்திக் குத்தி வைத்திருக்கிறார்களே, அதுதான் அசல் வெள்ளெழுத்து. வெள்ளைமேல் வெள்ளை. விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும், படிக்க முடியாது. ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, பல்லி பார்ப்பது போலப் பார்த்தால் நான்கு வரி தெரியும். பி.நோ. (எந்தத் தொகுதியில் தயாரானது என்ற எண்), எம்எப்டி, ஈஎக்ஸ்பி, எம்ஆர்பி. ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கிறது. எது தயாரித்த மாதம், எது காலாவதியாகும் மாதம் என்பதற்குச் சீட்டுப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். போதாக்குறைக்கு, '04/27' என்று இருந்தால் அந்த ஏப்ரல் மாதம் முதல் தேதி வரையா, கடைசித் தேதி வரையா? கடைசி நாள் வரை சாப்பிடலாம் என்பதுதான் கணக்கு. இதைத் தெரியாமல் மாதம் பிறந்ததும் நல்ல மருந்தைக் குப்பையில் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அட்டையில் எங்கும் இதைச் சொல்வதில்லை.

இன்னும் கொதிப்பது அந்தத் தேதி இருக்கும் இடத்தை நினைத்தால்தான். அட்டையின் ஒரே ஒரு முனையில். நம் ஊரில் மருந்து வாங்கும் முறை என்ன? "நாலு மாத்திரை கொடுங்கள்." கடைக்காரர் கத்தரிக்கோலால் நறுக்கிக் கொடுப்பார். தேதி உள்ள முனை யாருக்குப் போகிறதோ அவர் பாக்கியசாலி. மற்றவருக்கு அநாதை மாத்திரைகள். முழு அட்டை வாங்கினாலும் தேதி உள்ள பக்கத்திலிருந்து கிழிக்கத் தொடங்கினால் இரண்டாம் நாளே அது குப்பைத்தொட்டிக்குப் போய்விடும்.

இடம் இல்லை என்று யாராவது சொல்லிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி வைத்த விற்பனைப் பெயர் ஒவ்வொரு மாத்திரையின் முதுகிலும், குறுக்கும் நெடுக்குமாக எத்தனை தடவை அச்சாகியிருக்கிறது! என் கையில் இருக்கும் பத்து மாத்திரை அட்டையில் எண்ணினேன்: இருபத்திரண்டு தடவை. எப்படி நறுக்கினாலும், எந்த மூலையில் கிழித்தாலும் அந்தப் பெயர் மட்டும் தப்பித்துவிடும். ஆக, ஒரு தகவல் அட்டை கிழிந்த பிறகும் நிலைக்க வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும் என்று இவர்களுக்கு நன்றாகவே தெரியும். விற்கிற எழுத்துக்கு அந்த அறிவைச் செலவழித்தார்கள். உயிர் காக்கிற எழுத்துக்கு ஒரு முனை, ஒரு தடவை, மையில்லாமல்.

சட்டம் சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. 2018 செப்டம்பரிலிருந்து பெரும்பாலான மருந்துகளில் விற்பனைப் பெயரைவிட மருந்தின் மூலப்பெயர் குறைந்தது இரண்டு எழுத்தளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று விதி. நல்ல விதி. விற்பனைப் பெயர் கடைக்குக் கடை மாறும், கிளிமிபிரைடு மாறாது. ஆனால் என் முன்னால் உள்ள அட்டையில் அந்த விதிக்கு நடந்திருப்பதைப் பாருங்கள். விற்பனைப் பெயர் தடித்த கருநீலத்தில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. மூலப்பெயர் உயரமாகத்தான் இருக்கிறது. ஆனால் நூல் மாதிரி மெலிந்து, சாம்பல் நிறத்தில், வெள்ளித்தாளோடு கரைந்துபோய். அளவுகோல் வைத்தால் பாஸ், கண் வைத்தால் பெயில்.

2016-இல் சிவப்புக் கோட்டுக்காக ஒரு பிரசாரம் நடந்தது. நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாடிக்) மருந்து அட்டையின் இடப்பக்கம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதைக் கண்டால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள் என்று பொருள். அம்மாவிடம் கேட்டேன். "புடவைக்குக் கரை மாதிரி அழகுக்குப் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன்" என்றார். ஒரு கோடு தானாகப் பேசாது. அது என்ன சொல்கிறது என்று பக்கத்தில் எழுதியிருக்கிறார்களா என்றால், உண்டு, சிவப்புக் கட்டம் கட்டி, ஆங்கிலத்தில், கடுகளவு எழுத்தில். அம்மாவின் டப்பாவில் ஒன்பது அட்டை இருக்கிறது. இரண்டில் விற்பனைப் பெயர் இந்தியிலும் இருக்கிறது. தமிழில் ஓர் எழுத்துகூட எதிலும் இல்லை.

இப்போது புதிதாக ஒரு கட்டம் வந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல், அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களுக்குக் கியூஆர் குறியீடு கட்டாயம். போலி மருந்தைப் பிடிக்க உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் "விவரமெல்லாம் அதில் இருக்கிறதே சார்" என்று ஒருவர் என்னிடம் சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அம்மாவிடம் இருப்பது பொத்தான் வைத்த போன். கண் தெரியாதவரிடம் போய், படிக்க முடியாத எழுத்துக்குப் பதிலாக மனிதரால் படிக்கவே முடியாத ஒரு கோலத்தைக் கொடுத்துவிட்டு, தகவல் தந்தாயிற்று என்று கணக்கு முடிப்பதா?

இது மாத்திரையோடு நிற்கிற வியாதியும் இல்லை. மன்னார்குடிப் பக்கம் நெல் போடும் என் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் பூச்சிமருந்து டப்பாக்கள் வரிசையாக இருக்கும். (அதற்கும் 'மருந்து' என்றுதான் நமக்குப் பெயர். கொல்கிறதற்கும் காப்பாற்றுகிறதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் லேபிள் எவ்வளவு உரக்கப் பேச வேண்டும்!) ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சாய்சதுரம் இருக்கும். 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி அதன் கீழ்ப்பாதியின் நிறம்தான் நச்சின் அளவைச் சொல்கிறது. சிவப்பு என்றால் மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், அதற்கடுத்து நீலம், கடைசியாகப் பச்சை. மண்டை ஓட்டுப் படம் சிவப்புக்கு மட்டும். மற்ற மூன்றுக்கும் வெறும் சொல்தான்.

சித்தப்பா கைக்குட்டைகூடக் கட்டாமல் பச்சை டப்பாவைக் கலக்கிக்கொண்டிருந்தார். "முகத்தை மூடிக்கொள்ளுங்கள் சித்தப்பா" என்றேன். "இது பச்சைடா. ஒன்றும் செய்யாது" என்றார். அவர் மேல் என்ன தப்பு? சிக்னலில் பச்சை என்றால் போகலாம். பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி என்றால் சைவம், சாப்பிடலாம். வாழ்நாள் முழுக்கப் பச்சை என்றால் சரி என்று பழக்கிவிட்டு, நஞ்சு டப்பாவில் மட்டும் 'பச்சை என்றால் கொஞ்சம் நஞ்சு' என்று புரிந்துகொள் என்றால் எப்படிப் புரியும்? நீலம் மஞ்சளைவிடக் குறைவு என்பதை எந்தப் பிள்ளையாவது பார்த்தவுடன் சொல்லுமா? பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிற அதிகாரிக்குத்தான் அது வரிசை. வரப்பில் நிற்கிறவருக்கு அது நான்கு கலர், அவ்வளவுதான். உள்ளே மடித்து வைத்த துண்டுத்தாளைச் சொல்லவே வேண்டாம். பிரித்தால் துப்பட்டா அளவு விரிகிறது; பல மொழிகள், எறும்பு ஊர்ந்தது போல எழுத்து. ஈரக் கையோடு வயலில் நின்று அதை யார் படிப்பது?

கேட்டால் மாற்ற முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது, அதனால்தான் ஆத்திரம் இரட்டிப்பாகிறது. உணவுப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் என்று பல வருடம் இருந்தது. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். 2020-இல் வந்த புது விதிமுறையில் அசைவக் குறி பழுப்பு முக்கோணமாகிவிட்டது. நிறம் தெரியாவிட்டாலும் வடிவம் காட்டிக்கொடுக்கும். ஒரு வட்டத்தை முக்கோணமாக்கியதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவைப்பட்டதா? பார்க்கிறவரின் கண்ணை ஒரு நிமிடம் நினைத்தார்கள், முடிந்தது.

அதற்கும் முன்னால் போங்கள். 1951-52 முதல் பொதுத்தேர்தல். நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 18 சதவீதம்தான். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் என்ன, 'முதலில் படித்துவிட்டு வாருங்கள்' என்றா சொன்னார்? வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் சின்னம். என் பாட்டிக்கு 'அ' தெரியாது. ஆனால் இரட்டைக் காளையையும் உதயசூரியனையும் கதிர் அரிவாளையும் ஒருநாளும் மாற்றிப் பார்த்ததில்லை. கருப்புக் கோட்டில் வரைந்த படங்கள், நிறம்கூடக் கிடையாது, மலிவான தாளில் அச்சடித்தாலும் தெளிவாகத் தெரியும். ஓட்டு வேண்டும் என்றபோது பாட்டிக்குப் புரிகிற மாதிரி வரைய இந்த நாட்டுக்குத் தெரிந்திருந்தது. எழுபது வருடம் கழித்து அவள் மகளுக்கு 1-க்கும் 2-க்கும் வித்தியாசம் காட்ட முடியவில்லையாம்.

எங்கள் தெரு மருந்துக்கடையில் ஒரு பெண் வேலை பார்க்கிறாள். செவ்வாய்க்கிழமை கதையைச் சொன்னதும் அம்மாவின் அட்டைகளை எல்லாம் வாங்கி, தடித்த மார்க்கர் பேனாவால் காலை மாத்திரைக்குச் சூரியன், இரவு மாத்திரைக்குப் பிறை, சாப்பாட்டுக்கு முன்னால் என்றால் வெறும் தட்டு, பின்னால் என்றால் தட்டில் நான்கு புள்ளி என்று வரைந்தாள். காலாவதி மாதத்தைக் கட்டைவிரல் அளவு எழுத்தில் எழுதினாள். பழைய 2 மில்லிகிராம் அட்டையின்மேல் பெரிய பெருக்கல் குறி போட்டுத் தனியாக எடுத்து வைத்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கோடிக்கணக்கில் அச்சடிக்கிற கம்பெனி செய்யாததை ஒரு இருபது ரூபாய்ப் பேனா செய்தது. அம்மா இப்போது யாரையும் கேட்பதில்லை. "பிறை போட்டாயிற்று" என்கிறார், தூங்கப் போகிறார்.

நான்தான் விடவில்லை. அட்டையில் நுகர்வோர் சேவை எண் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். மூன்றாம் முயற்சியில் ஒருவர் எடுத்தார். முழுக்கதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், நல்ல மனிதர்தான். "உங்கள் புகாரைப் பதிவு செய்துகொள்கிறேன் சார். அட்டையின் ஓரத்தில் பி.நோ. என்று ஒரு எண் இருக்கும், அதைக் கொஞ்சம் படியுங்கள்" என்றார்.

அந்த முனையை அம்மா கிழித்துப் போட்டு நான்கு நாள் ஆகியிருந்தது.