தோப்புக்குத்தான் சொட்டுநீர், போனுக்குமா?

"இன்றைய டேட்டா 100% முடிந்தது. இனி 64 கேபிபிஎஸ் வேகத்தில் அன்லிமிடெட் இன்டர்நெட்டை அனுபவியுங்கள்." அனுபவிக்கணுமாம்! எவன்யா இதை எழுதுறது?

நேற்று சாயங்காலம் நாலரை. தோப்பில் பெங்களூரா மாங்காய் பறித்துக் குவித்தாயிற்று. டெம்போக்காரர் வாட்சைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். சந்தூர் மண்டிக்காரர், "பால் கறை இருக்கா, சைஸ் எப்படின்னு ஒரு வீடியோ போடுங்க, ரேட் சொல்றேன்" என்றார். எடுத்தேன், 6 எம்பி. அனுப்பினேன். வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

64 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 8 கேபி. கணக்குப்படி பன்னிரண்டரை நிமிடம். சரி, டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கால் வட்டம். அரை வட்டம். முக்கால் வட்டத்தில் நின்றது. வரப்பில் ஏறிப் பார்த்தேன், கிணற்றுமேட்டுக்குப் போய்ப் பார்த்தேன், போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சாமியாடாத குறை. டவர் என்னவோ முழுசாகத்தான் காட்டுகிறது. அப்புறம் 'மீண்டும் முயற்சிக்கவும்'. மறுபடி முதலிலிருந்து!

இரண்டாவது தடவை கால் வட்டம் வரும்போது டிங் என்று ஒரு மெசேஜ்: கூடுதல் டேட்டா வாங்கிக்கொள்ளுங்கள். அது மட்டும் பறந்து வருகிறது. எஸ்எம்எஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை என்று எனக்கும் தெரியும். அதற்காக வயிறு எரியாதா?

காலையிலிருந்து மச்சான் பையன் கார்ட்டூன் பார்த்தது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிராட்பேண்டு என்று சொல்லவே குறைந்தது 2 எம்பிபிஎஸ், அதாவது 2,000 கேபிபிஎஸ் வேண்டும் என்று 2023இல் அரசே வரையறுத்துவிட்டது. இவர்கள் விடுவது அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை, பெயர் அன்லிமிடெட்! 28 நாளை மாதம் என்று சொல்லி வருஷத்துக்கு 13 தடவை ரீசார்ஜ் பண்ண வைக்கிற ஆட்களுக்கு, பெயர் வைக்கவா தெரியாது?

மூன்றாவது சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போது மண்டிக்காரரே கூப்பிட்டார். "வேற லோடு வந்துடுச்சுங்க, நாளைக்குப் பார்க்கலாம்."

மாமனார் அதுவரை வாயே திறக்கவில்லை. இப்போது மெதுவாகக் கேட்டார்: "ஏன் மாப்ள, ரெண்டு காயைப் பையில போட்டுக்கிட்டு பைக்ல போயிருந்தா பத்து நிமிஷம்தானே?"

சிரிப்பு வந்துவிட்டது. வேறென்ன செய்ய? ஆறிப்போன டீயை எடுத்தேன், ஒரே மடக்கில் காலி. அந்த டீக்கடைக்காரரையும் கேட்கணும், கப்பு ஏன்யா மாசத்துக்கு மாசம் சுருங்கிக்கிட்டே போகுது?