ஒரிஜினலாம், ஒரிஜினல்!

ஆர்டுயினோங்கிற குட்டி கன்ட்ரோலர் போர்டுல மாட்டி ஒரு கடிகாரம் செய்யலாம்னு, வேலூர்ல எந்த செல்போன் ரிப்பேர் கடையில பழைய போன் டிஸ்ப்ளே கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஒரிஜினல் தம்பி, கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போ." கண்ண மூடிட்டுத்தான் எடுக்கணும், வேற வழி?

நோக்கியா 5110 டிஸ்ப்ளேன்னா பாவம், சாது. 84க்கு 48 புள்ளி, அதை ஓட்ட பிசிடி8544 சிப், 3.3 வோல்ட். லைப்ரரிய, அதாவது ஏற்கெனவே எழுதி வச்ச கோடைப் போட்டா எழுத்து வந்துடும். ஆனா அதைக் கேட்டா 1100 டிஸ்ப்ளேயை நீட்டுவாங்க. "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி." எப்படிண்ணே ஒண்ணு? இது 96க்கு 65. இதுக்கு டேட்டாவ ஒன்பது ஒன்பது பிட்டா ஊட்டணும். ஆர்டுயினோ ஊனோ போர்டுல டேட்டா அனுப்புற எஸ்பிஐக்கோ எட்டுக்கு மேல எண்ணத் தெரியாது. அப்புறம் என்ன, ஒவ்வொரு பிட்டையும் நாமளே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்.

6100 கலர் டிஸ்ப்ளே இருக்கே, அதான் உச்சம்! வெளியே அசல் இரட்டைப் பிள்ளைங்க. உள்ளே ஒண்ணுல எப்சன் சிப், இன்னொண்ணுல பிலிப்ஸ் சிப். ரெண்டுக்கும் கமாண்டே வேற. மேல எழுதியிருக்குமா? எழுதிட்டா நமக்குப் பொழுது எப்படிப் போகும்!

கனெக்டர் பின்னு கண்ணுக்கே தெரியாது. சால்டரிங் அயர்ன் பக்கத்துல போனாலே டிஸ்ப்ளேயோட மெல்லிசு ஃபிளெக்ஸ் கேபிள் சுருண்டுக்கும். இத்தனையும் தாண்டி ஓடவச்சா, மார்கழியில செட் பண்ண கான்ட்ராஸ்ட் கத்திரி வெயில்ல மொத்தமா கறுத்துப் போகுது. நம்ம ஊரு வெயிலுக்கு டிஸ்ப்ளே மட்டும் விதிவிலக்கா என்ன?

இதுல வீட்ல கேள்வி வேற: "மணி பாக்கத்தானே? சுவத்துல கடிகாரம் தொங்குதே?"