கென்யாவின் மின்சாரம் சுத்தமானது. அதை மக்கள் பயன்படுத்த வேண்டாமா?

பருவநிலை பற்றிய பேச்சில் கென்யாவின் பெயர் வந்தாலே, அந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து கிடைக்கிறது என்ற பாராட்டும் கூடவே வந்துவிடுகிறது. பாராட்டு நியாயமானதுதான். ஆனால் இன்னோர் எண்ணை மறைத்துவிட்டு இதை மட்டும் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. ஆலைகள், அலுவலகங்கள், கடைகள் எல்லாவற்றையும் சேர்த்துத் தலைக்கு வகுத்தாலும் ஒரு கென்யர் ஆண்டுக்குப் பயன்படுத்தும் மின்சாரம் சுமார் 200 யூனிட்தான். ஒரு பெரிய குளிர்சாதனப் பெட்டிக்கே அது போதாது.

சாதனையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நைவாஷா ஏரிக்குத் தெற்கே ஒல்கரியாவில் பூமிக்குள் ஆழத் துளையிட்டு, எரிமலை வெப்பத்தில் கொதிக்கும் நீராவியை மேலே கொண்டுவந்து சுழலியை ஓட்டுகிறார்கள். 1981-இல் 15 மெகாவாட்டில் தொடங்கிய புவிவெப்ப மின்சாரம் இன்று 900 மெகாவாட்டைத் தாண்டி, நாட்டின் உற்பத்தியில் சுமார் 40 சதவீதத்தைத் தருகிறது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் கடும் வறட்சியில் தானா ஆற்று அணைகள் வற்றி, நாடே மின்வெட்டில் தவித்தது. நீராவிக்கு மழை தேவையில்லை. துளையிட்ட கிணற்றில் நீராவி கிடைக்காமலும் போகலாம். அந்த நட்டத்துக்கு அஞ்சித் தனியார் முதலீடு ஒதுங்கி நிற்கும். அதனால்தான் 2008-இல் துளையிடுவதற்கென்றே அரசு ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. அரசு செய்ய வேண்டிய வேலை என்று நான் நம்புவது இதைத்தான்.

உற்பத்தியில் காட்டிய இந்தத் துணிச்சல் கம்பி இழுப்பதில் இல்லை. துர்கானா ஏரிக்கு அருகே 365 காற்றாலைகள், 310 மெகாவாட். 2017-இல் அவை தயாராகிவிட்டன. சுஸ்வா துணைமின் நிலையம் வரை 400 கிலோமீட்டருக்கும் அதிகமான மின்தடம்தான் தயாராகவில்லை. ஓராண்டுக்கும் மேலாகக் காற்று வீணானது. வாங்காத மின்சாரத்துக்கு அரசு இழப்பீடு கட்டியது. அந்த நிலத்தின் பட்டாக்கள் சட்டத்துக்கு மாறாகப் பெறப்பட்டவை என்று 2021-இல் நீதிமன்றமே கூறியது. கால்நடை மேய்க்கும் மக்களின் நிலம் அது. ஒல்கரியாவிலும் மாசாய் இனக் குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. கரியமில வாயுவைக் குறைவாக வெளியிடும் மின்சாரம் என்பதாலேயே இந்த அநீதிகளை மன்னித்துவிட முடியாது.

எனக்கு மிகவும் உறுத்துவது இரவில் நடப்பது. ஊர் அடங்கியதும் தேவை சரிந்துவிடும். நீராவிக் கிணறுகளைக் குழாயைப் போல மூடித் திறக்க முடியாததால், நீராவியைக் காற்றில் விட வேண்டியிருக்கிறது. அதே நாட்டில் மாலை நேரத் தேவை 2025-இன் தொடக்கத்தில் 2,300 மெகாவாட்டைத் தாண்டியது. மாலையில் சில பகுதிகளுக்கு மின்சாரத்தை நிறுத்தவேண்டியிருக்கிறது என்று அதிபரே ஒப்புக்கொண்டார். நள்ளிரவில் உபரி, மாலையில் பற்றாக்குறை. இதற்கிடையே பெரும்பாலான வீடுகளில் அடுப்பு இன்னும் விறகிலும் மரக்கரியிலும்தான் எரிகிறது. சோளமும் அவரையும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைக்கும் கிதேரிக்கு எவ்வளவு கரி வேண்டும், எவ்வளவு புகையைப் பெண்கள் உள்ளிழுக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கைப்பேசி வழியே தவணை கட்டி வாங்கிய சூரிய விளக்குகள் பல வீடுகளை இருளிலிருந்து மீட்டன, அதை மதிக்கிறேன். ஆனால் அந்த விளக்கின் சிறு சூரியப் பலகையால் அவரையை வேகவைக்க முடியாது.

மின்சாரப் பிரஷர் குக்கரில் அதே அவரையை ஒரு யூனிட்டுக்கும் குறைவான மின்சாரத்தில் வேகவைத்துவிடலாம். கட்டணம் அதற்கு இடம் கொடுக்கிறதா? மாதம் 100 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு இருந்த சலுகைக் கட்டணத்தின் எல்லையை 2023-இல் 30 யூனிட்டாகக் குறைத்தார்கள். கரியைக் கைவிட்டு மின்அடுப்புக்கு மாறும் ஏழைக் குடும்பம் அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். புகையிலிருந்து தப்பிக்க நினைப்பவர்களிடமே கூடுதல் பணம் கேட்கும் கட்டணம் இது. மின்வாரியத்தின் கடனும் இழப்பும் எனக்குப் புரிகின்றன. ஆனாலும் வீணாகும் நீராவியை விற்பதால் யாருக்கு நட்டம்?

"ஆப்பிரிக்கா எங்களைப் போல நிலக்கரியை எரிக்கக் கூடாது" என்று அறிவுரை சொல்லும் நாடுகளுக்கும் ஒரு வார்த்தை. கென்யக் கடலோரத்து லாமுவில் வரவிருந்த 1,050 மெகாவாட் நிலக்கரி நிலையத்தை உள்ளூர் மக்களே எதிர்த்தார்கள். 2019-இல் தீர்ப்பாயம் அதன் சுற்றுச்சூழல் உரிமத்தை ரத்து செய்தது. அவர்களுக்கு உங்கள் பாடம் தேவையில்லை. மின்தடங்களுக்கும் துணைமின் நிலையங்களுக்கும் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன்தான் தேவை.

மின்வாகனங்களுக்கு 2023-இலேயே தனிக் கட்டணம் வந்துவிட்டது. தேவை குறைந்த நேரத்தில் அது இன்னும் மலிவு. மோட்டார் சைக்கிளுக்குக் கொடுத்ததைச் சமையலறைக்கும் கொடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் குக்கரில் அவரையைப் போடும் வீட்டுக்கு அந்த யூனிட்டை 30 யூனிட் கணக்கில் சேர்க்காதீர்கள்.