கண்ணுக்குக் கீழ பை, பள்ளம் சரிபண்ணுற ஆபரேஷன்: கொழுப்பை நகர்த்துறது, ஊசியில ஏத்துறது ரெண்டும் சேர்த்தே செய்யணும்னு கட்டாயம் இல்லை

"கண்ணுக்குக் கீழ உள்ள கொழுப்பை நகர்த்தி வச்சா கூடவே வயித்துக் கொழுப்பையும் எடுத்து அங்க ஊசியில ஏத்தணும், இல்லேன்னா நகர்த்தினது கரைஞ்சு பள்ளம் திரும்பிடும்"னு ஒரு அண்ணாச்சி எழுதியிருக்காரு. மார்த்தாண்டம், களியக்காவிளைல இருந்து திருவனந்தபுரம் போய் விசாரிக்கிறவங்க இதை நம்பி ரெண்டு செலவுக்கும் கடன் வாங்கிடாதீங்க.

விஷயம் தலைகீழ். நகர்த்துற கொழுப்பு தன் ரத்த ஓட்டத்தோடயே கண்குழி எலும்பு விளிம்பைத் தாண்டி இறங்குது, அதனால பெரும்பாலும் நிலைக்கும். ஊசியில ஏத்துறதுக்குத்தான் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. நாத்து மாதிரி புது இடத்துல வேர் பிடிக்கணும். ஒரு பங்கு கரைஞ்சுதான் போகும்.

கண்ணாடியில பாருங்க. பை உப்பி, அதுக்குக் கீழ மூக்கோரமா ஒரு கோடு மட்டும் குழிஞ்சிருந்தா நகர்த்தினாலே பலருக்குப் போதும். கன்னமும் வத்தியிருந்தாதான் கூடுதல் கொழுப்புக்கு வேலை. பையே இல்லைன்னா நகர்த்த என்ன இருக்கு?

கீழ் இமைத் தோல் ரொம்ப மெலிசு. ஏத்தினது கூடிட்டா கட்டி கட்டியாத் தெரியும், எடுக்குறது பெரும்பாடு. அபூர்வமா ஊசிக் கொழுப்பு ரத்தக்குழாய்ல புகுந்து பார்வையே போனதும் உண்டு. இதை எந்த விளம்பரமும் சொல்லாது. கருவளையம் தோல் நிறத்தால வந்ததுன்னா ரெண்டுமே உதவாது.

சந்தேகமா இருந்தா முதல்ல நகர்த்தி, வீக்கம் முழுசா வத்தினதும் பாருங்க. கொழுப்பு ஏத்துறதைப் பிறகும் செய்யலாம்.